விடுப்பில் போகும் கணக்காளர் எதை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு அருகே பைன்டவுனில் பதினெட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் கணக்கு, சம்பளம் இரண்டையும் தனி ஆளாகப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்க 2025 டிசம்பர் 15 முதல் 2026 ஜனவரி 8 வரை விடுப்பு கேட்டிருக்கிறீர்கள். முதலாளியும் “போய் வாருங்கள், லேப்டாப்பை மட்டும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சம்மதித்திருக்கிறார். புறப்படுவதற்கு முன் எந்தெந்த வேலைகளை முடித்துவைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாலும், கேள்வியை இரண்டாம் முறை படித்தபோது, அந்த லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு விமானம் ஏற முடியுமா என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எனக்குப் பட்டது. முடியும் என்பது என் பதில். ஆனால் அதற்கு, வேலைகளை முடித்துவைப்பது மட்டும் போதாது.

நான் இருபத்து மூன்று ஆண்டுகளாக டர்பனிலும் சுற்றுப்புறங்களிலும் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஐந்து பேர் முதல் நாற்பது பேர் வரை வேலை செய்யும் இடங்கள்தாம் எனக்குப் பழக்கம்; தனி மனிதவளப் பிரிவு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது. தொழிலாளர் சட்ட வழக்கறிஞனும் அல்லேன். ஆகவே சட்டத்தில் எழுதியிருப்பதை ஒரு பக்கமாகவும், என் அனுபவத்தில் சரியென்று பட்டதை மறுபக்கமாகவும் பிரித்தே சொல்கிறேன்.

சட்டத்தில் ஐயமில்லாத பகுதி இது. 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி, பன்னிரண்டு மாதச் சுழற்சி ஒவ்வொன்றுக்கும் தொடர்ச்சியான 21 நாள் சம்பளத்துடன்கூடிய விடுப்பு உங்களுக்கு உரியது. வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு இது 15 வேலை நாளாகும். விடுப்புக் காலத்தில், நீங்கள் வழக்கமாக வேலைக்கு வரும் நாளொன்றில் பொது விடுமுறை வந்தால் அந்த நாளை விடுப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நீங்கள் கேட்ட காலத்தில் வார நாட்கள் 19. அவற்றில் டிசம்பர் 16, 25, 26, ஜனவரி 1 ஆகிய நான்கும் பொது விடுமுறைகள். மிஞ்சுவது சரியாக 15. நாட்களைத் தேர்ந்ததிலேயே நீங்கள் நல்ல கணக்காளர் என்று தெரிகிறது. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே திரும்ப வேண்டியிருப்பது மட்டுந்தான் குறை. ஆயினும் இந்தச் சுழற்சியில் ஏற்கெனவே எடுத்த நாட்களைக் கழித்துப் பாருங்கள். இந்த நாட்டில் தீபாவளி பொது விடுமுறை அன்று. தைப்பூசக் காவடியும் அப்படியே. நம்மவர்கள் இந்த இரண்டுக்கும் தலா ஒரு நாள் ஆண்டு விடுப்பிலிருந்து எடுத்துவிட்டு, டிசம்பரில் 15 நாள் இருக்கிறதென்று நம்பிக் கணக்குப் பிசகுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இன்னொன்று: விடுப்பு எப்போது என்பது இரு தரப்பும் ஒத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டியது, ஒப்புதல் ஏற்படாவிட்டால் தேதியைத் தீர்மானிக்கும் உரிமை முதலாளியுடையது. எனவே அவர் வாயால் சொன்ன சம்மதத்தை, பயணச்சீட்டு வாங்கும் முன், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லேப்டாப் விவகாரம் அவ்வளவு தெளிவானதன்று. சட்டம் விடுப்பைக் கொடுக்கச் சொல்கிறது. ஆண்டு விடுப்பில் இருப்பவரிடம் முதலாளி வேலை கேட்கவோ, வேலை செய்ய அனுமதிக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. வேலையை விட்டு விலகும்போது தவிர மற்ற நேரத்தில் அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்துத் தீர்த்துவிடக் கூடாது என்கிறது. ஆனால் விடுப்பில் இருப்பவர் பத்து நிமிடம் மின்னஞ்சல் பார்த்தால் அது வேலையா, இல்லையா என்று அது பேசுவதில்லை. அரை நாளோ ஒரு நாளோ உட்கார்ந்து வேலை செய்தால் அந்த நாளை விடுப்புக் கணக்கில் திருப்பிச் சேர்ப்பதே நியாயம் என்பது என் கருத்து. அதைச் சட்டத்தின் குரலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் முதலாளி கெட்ட எண்ணத்தோடு கேட்டிருக்க மாட்டார். அவர் கேட்பது லேப்டாப்பை அன்று, தைரியத்தை. நீங்கள் இல்லாத நாளில் ஏதாவது நின்றுபோனால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தைரியத்தை வேறு வழியில் கொடுத்துவிட்டால் லேப்டாப் பேச்சு தானாகவே அடங்கும்.

முதலில் அச்சத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். தொழிற்கூடம் டிசம்பர் 19 மாலை மூடி ஜனவரி 5 காலை திறக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் இல்லாமல் அலுவலகம் நடக்கப்போவது டிசம்பர் 15, 17, 18, 19, பிறகு ஜனவரி 5, 6, 7, 8 என்று எட்டே நாட்கள். இருபத்தைந்து நாளுக்குத் திட்டமிடுவது மலைப்பாக இருக்கும். எட்டு நாளுக்குத் திட்டமிடுவது ஒரு பிற்பகல் வேலை. அந்த எட்டில் ஆபத்தான நாள் ஒன்றுதான்: ஜனவரி 7.

அது ஏன் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வருமான வரியையும், அதனோடு வேலையின்மைக் காப்புறுதி நிதிக்கான ஊழியர் பங்கு ஒரு விழுக்காடு, முதலாளி பங்கு ஒரு விழுக்காடு ஆகியவற்றையும், பொருந்துமானால் திறன் மேம்பாட்டுத் தீர்வையையும் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வருவாய்த் துறையான சார்ஸுக்குக் கட்டியாக வேண்டும்; வரித் தொகை தாமதமானால் பத்து விழுக்காடு அபராதம், மேலே வட்டி. டிசம்பர் சம்பளத்துக்குரிய தொகை 2026 ஜனவரி 7, புதன்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். ஆண்டிறுதிக்கான பதின்மூன்றாம் சம்பளமும் டிசம்பரிலேயே கொடுக்கப்படும் இடமானால் அந்த மாதத்து வரிதான் ஆண்டிலேயே பெரிய தொகை. அபராதமும் அதற்கேற்பவே இருக்கும்.

இந்த 7-ஆம் தேதியில் நானே ஒரு முறை சறுக்கியிருக்கிறேன். அப்பாவின் எண்பதாம் பிறந்தநாளுக்காகத் திருச்சிக்குப் போயிருந்தேன். புறப்படுவதற்கு முன் சம்பளப் பட்டியலை முடித்து, வரித் தொகையைக் கணக்கிட்டு, படிவத்தை நிரப்பி, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறதென்று இரண்டு பக்கத்துக்கு எழுதியும் வைத்திருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வங்கியில் அந்தப் பணத்தை விடுவிக்கும்போது வரும் ஒரு முறைக் கடவுச்சொல் மட்டும் என் டர்பன் எண்ணுக்கு வந்தது. அந்த சிம் அட்டையோ திருச்சி வீட்டு அலமாரியில், பர்ஸுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. ஊரில் இறங்கியதும் உள்ளூர் சிம் போட்டிருந்தேன். அலுவலகத்தில் இருந்தவர் மாலை வரை காத்திருந்துவிட்டு மறுநாள் மின்னஞ்சல் அனுப்பினார். அபராதத்தை நிறுவனம் கட்டியது. முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

வேலையை முடிப்பதும் வேலையை ஒப்படைப்பதும் ஒன்றல்ல என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். கோப்புகளை ஒப்படைப்பது எளிது. “இதைக் கட்டலாம்”, “இதை நிறுத்தி வை” என்று சொல்லும் அதிகாரத்தை ஒப்படைப்பதுதான் கடினம். நாம் ஒவ்வொருவரும் மனத்துக்குள் அதை விட்டுக்கொடுக்க விரும்புவதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே உங்கள் வேலைகளைப் பட்டியலிடுவதற்கு முன், கடந்த இரண்டு மாதங்களில் உங்களிடம் யார் யார் எதற்கு அனுமதி கேட்டார்கள் என்பதை மின்னஞ்சலிலும் வாட்ஸப்பிலும் தேடி எழுதுங்கள். முன்பணம் கேட்ட ஊழியர், அவசரமாகப் பணம் கேட்ட சரக்கு வண்டிக்காரர், விலைப்பட்டியலில் தொகை சரியில்லை என்று சொன்ன வாடிக்கையாளர் ஆகியோரே மீண்டும் வருவார்கள். ஒவ்வொன்றுக்கும் யார் முடிவு சொல்வார், எவ்வளவு தொகை வரை சொல்லலாம், அதற்கு மேல் போனால் யாரிடம் கேட்க வேண்டும் என்ற மூன்றும் எழுதப்பட்டிருந்தால், உங்களைத் தேடி வரும் அழைப்புகளில் பெரும்பகுதி வராது. தொகை வரம்பை முதலாளியே தன் கையால் எழுதிக் கையெழுத்திடட்டும். ஐயாயிரம் ராண்டா, இருபதாயிரம் ராண்டா என்பது அவர் விருப்பம். நீங்கள் நிர்ணயிக்க வேண்டாம்.

தொழில்நுட்ப அனுமதிகளை அதற்கும் முன்பாக, நவம்பர் மாதத்துக்குள் சரிசெய்துவிடுங்கள். உங்கள் கடவுச்சொல்லை ஒருவரிடம் எழுதிக் கொடுப்பது ஒப்படைப்பு ஆகாது; தவறு நேர்ந்தால் அதைச் செய்தவர் நீங்களா அவரா என்பதற்கே சான்று இருக்காது. வங்கியின் இணையக் கணக்கிலும் சார்ஸின் ஈஃபைலிங் தளத்திலும் உங்களுக்குப் பதிலாகச் செயல்படுபவரைத் தனிப் பயனராகச் சேர்த்து, அவருக்கு வேண்டிய உரிமைகளை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். சரிபார்ப்புக் குறியீடு எந்தத் தொலைபேசிக்கு, எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதோடு நிற்காமல், டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சிறு தொகையை அவர் கையாலேயே கட்டவைத்துப் பாருங்கள். பணத்தைப் பதிவு செய்பவர் ஒருவர், விடுவிப்பவர் இன்னொருவர் என்ற முறை உங்கள் நிறுவனத்தில் இருக்குமானால், நீங்கள் இல்லாத நாட்களிலும் இருவர் இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். முதலாளி அந்த வாரத்தில் டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் கூடாரம் அடித்திருந்தால், ஒருவர்தான் மிஞ்சுவார்.

டிசம்பரில் வேறொரு ஆபத்தும் உண்டு. “எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனிப் புதிய எண்ணுக்கே செலுத்தவும்” என்று பழக்கமான சப்ளையர் பெயரில் வரும் மின்னஞ்சல், அலுவலகம் மூடுவதற்கு முந்தைய நாட்களில் வருவது தற்செயலன்று. அனுபவமுள்ளவர் விடுப்பில் இருக்கிறார், இருப்பவருக்கோ வீட்டுக்குப் போகும் அவசரம் என்பது அனுப்புகிறவனுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் இப்படிப் போன பணம் திரும்பி வரவேயில்லை. ஆகவே நீங்கள் எழுதிவைக்கும் தாளில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: நான் திரும்பும்வரை எந்த சப்ளையரின் வங்கி விவரத்தையும் மாற்றக் கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால், மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நம் பழைய ஏட்டில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் பேச வேண்டும். கணக்கு எண்ணும் அதற்குரியவரின் பதிவு எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்லும் வசதி இங்குள்ள வங்கிகளில் இருக்கிறது, அதையும் பயன்படுத்த வேண்டும்.

மதிப்புக்கூட்டு வரியைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. உங்கள் நிறுவனம் எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது என்று உடனே பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் கொடுப்பவர்களில், ‘பி’ பிரிவாக இருந்தால் நவம்பர், டிசம்பர் கணக்கை ஜனவரி இறுதிக்குள் கொடுத்தால் போதும். திரும்பி வந்து நிதானமாகச் செய்யலாம். ‘ஏ’ பிரிவாக இருந்தால் அக்டோபர், நவம்பர் கணக்கு ஈஃபைலிங் வழியாக டிசம்பரின் கடைசி வேலை நாளுக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள் போக வேண்டும். அன்றைக்கு உங்கள் தொழிற்கூடமே பூட்டிக் கிடக்கும். எட்டு நாள்தான் என்று மேலே நான் சொன்ன கணக்குக்குள் அடங்காத நாள் அது. அப்படியானால் அதை டிசம்பர் 12-க்குள் தாக்கல் செய்து, பணம் செலுத்தும் ஏற்பாட்டையும் முடித்துவிட்டே நீங்கள் கிளம்ப வேண்டும், யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

இதைத் தவிர, முடித்தே தீர வேண்டும் என்று நான் சொல்லும் பெரிய வேலை டிசம்பர் சம்பளம் ஒன்றுதான். அதை நீங்களே தயாரித்து, முதலாளியின் ஒப்புதலையும் வாங்கிவிட்டால், ஜனவரி 7-இல் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பது டிசம்பரிலேயே தெரிந்துவிடும். அந்த எண்ணைத் தாளில் எழுதிவைத்துவிட்டால், உங்களுக்குப் பதிலாக இருப்பவர் கணக்குப் போட வேண்டியதில்லை, படிவத்தை அனுப்பிப் பணத்தை விடுவித்தால் போதும். உங்கள் சொந்தச் சம்பளத்தையும் மறக்காதீர்கள்: விடுப்புக் காலச் சம்பளத்தை விடுப்பு தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும் என்பது சட்டம், வழக்கமான சம்பள நாளில் வாங்கிக்கொள்ள நீங்கள் சம்மதித்தால் அப்படியும் செய்யலாம். மற்றவர் சம்பளத்தைப் போடுகிறவர்கள் தம் சம்பளத்தில் கோட்டைவிடுவது இந்தத் தொழிலின் பழைய வியாதி.

மற்ற வேலைகளில் பலவற்றை முடிக்காமலேயே விடுங்கள். புறப்படும் வாரத்தில் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து, வங்கிக் கணக்கோடு நம் ஏட்டை ஒப்பிடும்போது ஆறு மாதமாகத் தீராத வித்தியாசங்களையெல்லாம் தீர்த்துவிட வேண்டும் என்ற வெறி எல்லோருக்கும் வரும். அந்த இரவுகளில் நான் போட்ட சரிக்கட்டல் பதிவுகளைத் திருத்துவதற்கே பிறகு ஒரு வாரம் ஆகியிருக்கிறது. உங்கள் நிதியாண்டு பிப்ரவரியில் முடிவதாக இருந்தால் அந்த வித்தியாசங்களுக்கு ஜனவரியில் போதிய நேரம் இருக்கிறது. எது நின்றாலும் பரவாயில்லை என்பதையும் தாளில் எழுதுங்கள். இல்லையென்றால் உதவி செய்யும் நல்லெண்ணத்தில் யாராவது அதைத் தொட்டுவைப்பார்கள்.

அந்தத் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது என் பழக்கம். நான் திருச்சிக்குப் போனபோது எழுதிய இரண்டு பக்கத்தை யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. எழுதி முடித்தபின், புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சாதாரண வேலை நாளில் ஒத்திகை பாருங்கள். அன்று ஒரு நாள் விடுப்பு எடுத்து, தொலைபேசியை அணைத்துவிட்டு, வீட்டில் இருங்கள். விடுப்பில் ஒரு நாள் வீணாகிறதே என்று தோன்றினால், அலுவலகத்துக்குள்ளேயே வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தாலும் போதும். மாலையில் எது எது நின்றது என்று கேளுங்கள். என் கணிப்பில் மூன்று நான்கு விஷயங்களாவது நின்றிருக்கும், அவற்றில் ஒன்று ஏதாவது ஒரு பூட்டின் சாவியாக இருக்கும். நான் சொன்ன எல்லாவற்றிலும் எனக்கு மிக உறுதியான நம்பிக்கை இந்த ஒத்திகையில்தான் இருக்கிறது. முதலாளிக்கு வேண்டிய தைரியமும் இதிலிருந்துதான் வரும்.

மின்னஞ்சலின் தானியங்கிப் பதிலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. யாரைத் தொடர்புகொள்ளலாம், எப்போது திரும்புவீர்கள் என்ற இரண்டும் போதும். வெளிநாட்டில் இருப்பதைச் சொல்ல வேண்டாம் என்பது என் எண்ணம். சொன்னால் நிச்சயம் தீங்கு வரும் என்று கூற என்னிடம் ஆதாரமில்லை, சொல்வதால் நன்மையும் இல்லை.

முதலாளியிடம் பேசும்போது, லேப்டாப் மாட்டேன் என்று தொடங்காதீர்கள். தாளையும், ஒத்திகையின் முடிவையும் காட்டுங்கள். பிறகு, ஜனவரி 7-ஆம் தேதி காலை டர்பனில் பத்து மணிக்கு, அதாவது கும்பகோணத்தில் பிற்பகல் ஒன்றரை மணிக்கு, ஒரே ஒரு அழைப்புக்கு நானாகவே காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். நமக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் என்பதால், அவர் மாலை நான்கு மணிக்கு நினைத்துக்கொண்டு அழைத்தால் அங்கே இரவு ஏழரை. அம்மாவோடு சாப்பிட உட்காரும் நேரம். குறித்த நேரத்தில் ஓர் அழைப்பு உண்டு என்று தெரிந்தால், குறிக்காத நேரத்து அழைப்புகள் குறைகின்றன. டர்பன் சிம் அட்டையை மட்டும் அந்த நாளில் பர்ஸுக்குள் வைக்காதீர்கள்.

ஜனவரி 9 வெள்ளிக்கிழமை வேலைக்குத் திரும்புகிறீர்கள். ஒரே நாள் வேலை, பிறகு இரண்டு நாள் ஓய்வு, நல்ல ஏற்பாடு. அன்று காலை மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன், டிசம்பர் 15-இலிருந்து வங்கிக் கணக்கு விவரத்தை அச்செடுத்து, வெளியே போன ஒவ்வொரு தொகைக்கும் எதிரே யார் பதிவு செய்தார், யார் விடுவித்தார் என்று எழுதுங்கள். ஜனவரி 7-ஆம் தேதிப் பதிவுக்கு நேரே சார்ஸின் பெயரும், நீங்கள் தாளில் எழுதிவைத்த அதே எண்ணும் இருந்தால், மீதியைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.